குளியலறைக்கு மச்சு போட்ட கதை

முன்னொரு காலத்தில் ஓர் அரசர், கடலைப் பார்த்துக்கொண்டே குளிக்க ஆசைப்பட்டு, அலை தெறிக்கும் தூரத்தில் ஒரு குளியலறை கட்டினார். உப்புக் காற்றும் வெந்நீர் ஆவியும் சேர்ந்து ஒரே வருஷத்தில் தலைக்கு மேலிருந்த மச்சை ஊறவைத்துவிட்டன. ஒரு சனிக்கிழமை, எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்தவரின் உச்சந்தலையில் சுண்ணாம்புக் காரை பொத்தென்று விழுந்தது.

"இனி என் தலையில் ஒரு துரும்பும் விழக்கூடாது! மச்சுக்கு எதைப் போடலாம்?" என்று சபையில் கர்ஜித்தார். தலை வீங்கியிருந்ததால் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது.

மந்திரி திருமலைக்கொழுந்துக்கு விதூஷகன் மாசாணனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். "விதூஷகரே தேர்ந்தெடுக்கட்டும், பிரபு! ஆனால் மரம் கூடாது, உப்பிவிடும். இரும்பு கூடாது, துருப்பிடிக்கும். காரை உதிரும், ஓடு ஒழுகும். துணியும் ஓலையும் பூஞ்சை பிடிக்கும். தவறினால், தாங்கள் குளிக்கும்போதெல்லாம் ஆயுள் முழுக்க அவர் குடை பிடிக்கட்டும்" என்றார்.

அரசர் தலையாட்டிவிட்டார். அந்த ஈரத் தொந்தியை ஆயுள் முழுக்கப் பார்ப்பதா என்று மாசாணன் நடுங்கிப்போனான். மூன்று நாள் அவகாசம் கேட்டுக்கொண்டான்.

நான்காம் நாள் காலை, அரசர் கோவணத்தோடு அண்டாவுக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்தார். மச்சும் இல்லை, கூரையும் இல்லை, வெறும் வானம். அந்தப் பக்கம் போன படகின் பாய்மரத்தில் ஏறியிருந்த ஒருவன், "ராசா! முதுகு தேய்க்க ஆளு வேணுமா?" என்று கத்தினான்.

"மாசாணா!" என்று அலறிக்கொண்டே அரசர் கழுத்துவரை தண்ணீரில் அமுங்கினார்.

ஓடிவந்த மாசாணன் கும்பிட்டான். "மந்திரியார் எல்லாவற்றையும் கூடாது என்றார், பிரபு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மிச்சமிருப்பது உப்பாது, உதிராது, துருப்பிடிக்காது."

"என்ன திமிர்! இவனை..." என்று, அலறல் கேட்டுப் பின்னாலேயே வந்திருந்த மந்திரி முன்னால் பாய்ந்தார். அந்த நேரம் பார்த்து மேலே பறந்த கடற்காகம் ஒன்று அவருடைய தலைப்பாகையில் காலைக்கடனைக் கழித்தது.

"அரசர் தலையில் விழவில்லையே" என்றான் மாசாணன் பணிவாக.

அரசர் சிரித்த சிரிப்பில் அண்டாத் தண்ணீர் பாதி வெளியே போயிற்று. "குடைப் பேச்சே வேண்டாம். நிஜமாக எதைப் போடலாம், சொல்!"

"அதோ, அந்தப் படகின் பலகை மாதிரி எண்ணெய் பூசிய பலகை, பிரபு. வருஷம் முழுக்கக் கடலில் கிடப்பது தங்கள் வெந்நீருக்கா பயப்படும்? சுவருக்கும் மச்சுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டால் ஆவியும் போய்விடும்."

"மரம் கூடாது என்று அப்போதே..." என்று மந்திரி இழுத்தார்.

"முதலில் துடைத்துக்கொண்டு வந்து பேசும்" என்றார் அரசர்.

மாசாணனுக்கு அந்த நிமிஷமே பரிசு கொடுத்தாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அப்போது அவர் மேனியில் இருந்தவை இரண்டே இரண்டு: வைர மோதிரமும் கோவணமும். மாசாணன் அதிர்ஷ்டக்காரன், அரசர் மோதிரத்தைக் கழற்றினார்.