ஒரு வண்டி, இரண்டு கோடு

பழைய சைக்கிள் விற்கும் மெய்யப்பனுக்கு வாய் நீளம். "விழுந்த வண்டியே என் கடையில் கிடையாது" என்று ஊரெல்லாம் அளந்து திரிவார்.

ஒரு நாள் காலையில் செல்லக்கனி வந்தாள். மறுநாள் ஏழு மைல் தள்ளி மில் வேலையில் சேர வேண்டும். பஸ் கிடையாது. சைக்கிள் இல்லையென்றால் வேலையும் இல்லை.

மெய்யப்பன் ஒரு பச்சை வண்டியைக் காட்டினார்.

"பழைய வண்டிக்குப் புதுப் பெயிண்ட் எதுக்கு முதலாளி? எங்கேயாவது மோதினதா?"

நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடிபட்டதைக் காட்டு பார்ப்போம்! பெயிண்டைச் சுரண்டக் கூடாது, ஒரு திருகைக் கழற்றக் கூடாது. காட்டிட்டா, இங்கே நிக்கிற எந்த வண்டியை வேணா இதே விலைக்கு எடுத்துக்கோ. இல்லேன்னா இதையே வாங்கிட்டுப் போ!"

"சரிங்க. வாசல் தெளிச்ச ஈரம் காயல. அதுல நேரா உருட்டுங்க."

உருட்டினார். முன்சக்கரம் ஒரு கோடு போட்டது. பின்சக்கரம் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டது.

"நான் ஒரு வண்டிக்குத்தான் காசு கொண்டாந்தேன் முதலாளி. இங்கே ரெண்டு வண்டி போயிருக்கே! ஃபிரேம் வளைஞ்சிருக்கு."

கூட்டம் சிரித்தது. "தரைதான் கோணல்!" என்று கத்திய மெய்யப்பன், அதை நிரூபிக்க, வாசலில் நின்ற தன் சொந்த வண்டியை அதே ஈரத்தில் உருட்டினார்.

ஒரே கோடு.

செல்லக்கனி அதன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். "இது நேரா ஓடுதுங்க. இதையே எடுத்துக்கிறேன்."

அன்று மெய்யப்பன் பச்சை வண்டியில்தான் வீட்டுக்குப் போனார், வழியெல்லாம் ஹேண்டிலை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு.