குழி இல்லாத சோறு

அமலோற்பவம் டீச்சரிடம் மண் வரைபடம் போடக் கற்றவர்களில் உடையப்பன் கடைசியாக வந்தவர். டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் டீச்சர் என்பார். டீச்சர் அவரை அண்ணே என்பார். இருவருக்கும் அது உறுத்தியதில்லை.

மனைவி இறந்த மறுமாதம் வந்து சேர்ந்தார். எந்த வேலையையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கும் ஏதாவது கொடுங்கள் என்று கேட்பார். முகம் மட்டும் எப்போதும் தூங்காத முகம்.

செயற்கைக்கோள் அளந்த தரை உயரங்களைக் கணினியில் ஏற்றி, எது மேடு, எது சரிவு, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்து, இன்ன இடத்தில் இன்ன மண் என்று ஒரு படம் போட்டிருந்தார். ஊருக்கு மேற்கே செம்மண் என்றது படம். புயலில் வீடிழந்த குடும்பங்களுக்கு அங்கேதான் மனை ஒதுக்கப் போகிறார்கள். அன்று மாலை படம் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டும்.

காலையில் இருவரும் அங்கே போய் மண்ணில் கம்பியால் துளை போட்டுப் பார்த்தார்கள். கம்பியோடு வந்தது கரிசல். தள்ளிப் போய்ப் போட்டார்கள். அங்கேயும் கரிசல்.

"இதுல செவுரு எழுப்புனா என்னண்ணே ஆகும்?"

"மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். வீடு பிளந்துரும் டீச்சர்."

அங்கிருந்து ரோட்டோரத்து மெஸ்ஸுக்கு வந்தார்கள்.

இலை போட்டார்கள். சோறு விழுந்தது.

"எங்க தப்புன்னே தெரியல டீச்சர்," என்றார் உடையப்பன். "உயரம் சரி. சரிவு சரி. திருப்பித் திருப்பிப் பார்த்தாச்சு. ஓஞ்சு போயிட்டேன்."

"பள்ளத்தையெல்லாம் என்ன பண்ணீங்க?"

"நிரப்பிட்டேன். எல்லாரும் பண்றதுதானே? தண்ணி வெளிய போக வழியில்லாத பள்ளம்னா, அது அளவுல வந்த பிழை. நிரப்புனாத்தான் கணினியில தண்ணி நிக்காம கடல் வரைக்கும் ஓடுது."

டீச்சர் ரசத்துக்காகத் தன் சோற்றில் பறித்து வைத்திருந்த குழியை விரலால் மூடினார். மேலே தட்டிச் சமமாக்கினார். ரச வாளி வந்ததும், "ஊத்துங்க" என்றார்.

ரசம் சோற்றில் நிற்கவில்லை. இலையைத் தாண்டி, மேசையில் ஓடி, எதிரே இருந்த உடையப்பன் மடியில் இறங்கியது.

"ஏம்மா," என்றார் பரிமாறுகிறவர், "குழி பறிக்காம ரசம் கேட்ட மொத ஆளு நீங்கதான். அவரு மடி என்ன கண்மாயா?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். உடையப்பன் வேட்டியைத் துடைக்கவில்லை. அந்தச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேற்கால இருந்தது கண்மாய்," என்றார் மெதுவாக. "கரை போயிருச்சு. தண்ணி நின்னு நின்னு படிஞ்ச மண்ணு அது. பள்ளம் மட்டுமாவது மிச்சம் இருந்துச்சு. ஒரு பட்டனைத் தட்டி அதையும் நான் மூடிட்டேன். தண்ணி நிக்காத இடம்னு நெனச்சு படம் செம்மண்ணுன்னு சொல்லிருச்சு."

கை கழுவாமலே இடது கையால் போனை எடுத்துத் தாலுகா ஆபீசுக்குப் பேசினார்.

"சார், படம் இன்னைக்கு வராது. தப்பு என்னோடதுதான். மேற்குப் பக்கம் மனை மட்டும் ஒதுக்கிராதீங்க."

"ஏன்யா, மண்ணு எந்திரிச்சு ஓடிப் போச்சா?" என்று கேட்ட குரல் டீச்சருக்கும் கேட்டது. இன்னும் கொஞ்சம் திட்டியது. பிறகு மனை ஒதுக்குவதை நிறுத்திவைப்பதாகச் சொல்லிவிட்டு அடங்கியது.

உடையப்பன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இப்பவே போயி மறுபடி போட்டுர்றேன் டீச்சர்."

"நாளைக்குப் போடலாம். இன்னைக்கு வீட்டுக்குப் போங்கண்ணே."

"வீட்டுல என்ன இருக்கு?"

டீச்சர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அவ படுத்திருந்த கட்டில் இருக்கு. போனா அது பக்கத்துல உக்காந்துருவேன். துக்கம் உள்ளுக்குள்ள வந்து நிக்கும் டீச்சர். அப்படியே நிக்கும். அது போறதுக்கு வழியே இல்ல."

டீச்சர் தன் இலையை மடித்தார்.

"போகாட்டி என்னண்ணே. கண்மாய்த் தண்ணி மாதிரி நின்னு ஊறட்டும்."