ஈரம் காயாத சுவர்

மெர்சி தெருச்சுவர்களில் படம் வரைகிறவள். முப்பது வயது. பேச்சியம்மாள் அவளிடம் கற்றுக்கொள்கிறவள். அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான் பிரஷ் பிடித்தாள். பெரியவள் சின்னவளை “டீச்சர்” என்பாள். சின்னவள் பெரியவளை “அக்கா” என்பாள்.

அந்த முறை பேச்சியம்மாள் குடியிருக்கும் சந்திலேயே அவர்களுக்குச் சுவர் கிடைத்தது. கடைத்தெருவுக்குப் பின்னால் போகும் நீளச் சந்து. இரண்டு பக்கமும் வீடுகளின் பின்பக்கம். சாக்கடை நாற்றத்துக்குப் பயந்து அடுப்படி ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்பார்கள்.

போன மாதம் அங்கே ஒருவன் பேச்சியம்மாளின் மகள் வினோதினியைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். துணிக்கடை வேலை முடிந்து அவள் வருவதற்கு வேறு வழி இல்லை. பேச்சியம்மாள் சில நாள் கடை வாசலில் போய் நின்று கூட்டிவந்தாள். வழியில் ஒருநாள் மகள் அவனைக் காட்டினாள். “நான் என்ன சின்னப்பிள்ளையாம்மா?” என்று மகள் கோபித்துக்கொண்டாள்.

“டீச்சர், படம் காவல் காக்குமா?”

மெர்சி பெயின்ட் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

“வரைஞ்சு பாருங்க, அக்கா.”

பேச்சியம்மாள் சுவர் நிறைய ஒரு பெண் முகம் வரைந்தாள். சாமி பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே கண்களை வரைந்தாள். ஒவ்வொன்றும் முறம் அளவு.

முதல் கோடு விழுந்ததுமே ஒரு ஜன்னல் திறந்தது.

“என்ன பேச்சி, மூக்கு கத்திரிக்காய் மாதிரி இருக்கு?” மாடியிலிருந்து ஜமீலா.

“இருங்கக்கா, இப்பதானே போட்டிருக்கேன்.”

எதிர் ஜன்னலும் திறந்தது. கோமளம் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “எடது கண்ணு உன் மாமியார் மாதிரியே முறைக்குதுடி!”

“அதுக்குத்தானே வரையிறேன்!”

வரைந்த நாளெல்லாம் வினோதினி அந்த வழியாகத்தான் வந்தாள். “உங்கம்மா கூத்தைப் பாத்தியா?” என்று ஜன்னலுக்கு ஜன்னல் கேட்டார்கள். சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

ஒரு காலையில் கண்ணுக்கு மை எழுதியதும் படம் முடிந்தது. எல்லோரும் பார்த்தார்கள். நல்லா இருக்கு என்றார்கள். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் மிச்ச பெயின்ட்டை எடுக்க இருவரும் வந்தார்கள். வினோதினி வருகிற நேரம். சந்துக்குள் நுழைந்த பேச்சியம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

படத்தின் மேல் முதுகைச் சாய்த்து, ஒரு காலைச் சுவரில் ஊன்றி, ஒருவன் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவன்தான், டீச்சர்.” அவள் மெர்சியின் கையைப் பிடித்தாள். “படத்துக் கண்ணுக்குக் கீழேயே நிக்கிறான். இப்போ வந்துருவா எம்பொண்ணு. அம்மனா நெனச்சுல்ல வரைஞ்சேன்?”

மெர்சி டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு நேராக அவனிடம் போனாள்.

“தள்ளி நில்லுங்க தம்பி. சட்டையில ஒட்டிக்கும்.”

“அதான் முடிஞ்சிருச்சுல்ல?”

மெர்சி பிரஷ்ஷை வெள்ளையில் தோய்த்து, படத்தின் இடது கண்ணுக்குக் குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்தாள்.

“ஐயோ டீச்சர்!”

பேச்சியம்மாள் போட்ட சத்தத்தில் மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

“என்னாச்சு பேச்சி? அடியே, கண்ணை ஏன் அழிக்கிறீங்க? நல்லாத்தானே இருந்துச்சு!”

கோமளமும் எட்டிப் பார்த்தாள். “அதை விடுங்கக்கா. யாரு அது? அந்த நீலச்சட்டை?”

அவன் மேலே பார்த்தான். எதிரே பார்த்தான். செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு சந்தின் மறுமுனைப் பக்கம் நடந்தான். கோமளம் கழுத்தை நீட்டி, அவன் திரும்பி மறைகிறவரை பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் கடைத்தெருப் பக்கமிருந்து வினோதினி வந்தாள்.

“என்னம்மா, ஒரு கண்ணைக் காணோம்?”

“ஒண்ணுமில்ல. நீ வீட்டுக்குப் போ, தாயி.”

மகள் வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்த பிறகுதான் பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்தாள். வெள்ளை வழியும் கண்ணைப் பார்த்தாள்.

“எவ்வளவு பாடுபட்டு எழுதின கண்ணு, டீச்சர். இனி எப்போ முடிக்கிறது?”

ஜன்னல்களைச் சாத்தாமலே ஜமீலாவும் கோமளமும் எந்தக் கண் பெரிது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மெர்சி பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்தாள்.

“நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்து வரைங்க, அக்கா. முடிச்சிராதீங்க.”