பச்சோந்திக் குஞ்சுக்குப் பசித்தபோது

“சாமி, எங்க வீட்டுப் பிள்ளை என் கையால சாப்பிட மாட்டேங்கா.”

செண்பகம் இதைச் சொன்னபோது சாமி கிளுவை வேலியோரம் குத்தவைத்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

சாமி என்றதும் நரைத்த தாடியை நினைத்துவிட வேண்டாம். ஊருக்கு மேற்கே, பாறைக்கு அடியில் ஓலைக் கொட்டகை போட்டிருந்த அந்த மனிதருக்குச் செண்பகத்தைவிட வயது குறைவு. தாடிகூட ஒரு பக்கம்தான் ஒழுங்காக வளர்ந்திருந்தது. ஆனாலும் ஊரார் அவரிடம்தான் போவார்கள். பதில் கிடைக்கும் என்று இல்லை. பெரும்பாலும் கிடைக்காது. திரும்பி வரும்போது எப்படியோ மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

“உங்க பிள்ளையா?” என்றார்.

“அவருக்கு மூத்த தாரத்துப் பிள்ளை. வடிவுன்னு பேரு. அம்மாவைப் பறிகொடுத்தவ. நான் வாக்கப்பட்டு வந்து ஒரு வருஷம் ஆகப் போகுது.”

“என்ன குடுக்கீங்க?”

“என்ன குடுக்கலைன்னு கேளுங்க. இடியாப்பம், பால் கொழுக்கட்டை, நெய் ஊத்திப் பருப்புச் சோறு. எதுத்தாப்புல உக்காந்து ஒவ்வொரு வாயா பாத்துப் பாத்துக் குடுக்கேன். சோத்தை வாய்க்குள்ள அடக்கிக்கிட்டு என்னையே பாக்கா. அப்புறம் எந்திரிச்சுக் கை கழுவப் போயிருதா.”

சாமி விரலால் மண்ணை மெல்ல விலக்கினார்.

“ஈர்க்குச்சி மாதிரி ஆயிட்டா. அவளுக்குத் தாய்மாமன் வந்து பாத்துட்டு, ஆடி முடியட்டும், பிள்ளையை நாங்களே வச்சுக்கிடுதோம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. இவரும் பேசாம இருக்காரு. எனக்கு அவ வேணும் சாமி.”

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சாமி மண்ணிலிருந்து எதையோ எடுத்தார். ஊதினார். நாலைந்து எறும்புகள் பறந்தன. அவருடைய விரல் நுனியைக் கட்டிக்கொண்டு, முட்டையிலிருந்து வெளிவந்து ஒரு நாள்கூட ஆகாத ஒரு பச்சோந்திக் குஞ்சு நின்றது. காய்ந்த இலைத் துணுக்கு என்றே சொல்லலாம். ஒரு கண் சாமியைப் பார்த்தது, இன்னொரு கண் செண்பகத்தைப் பார்த்தது.

“மத்ததெல்லாம் வேலிக்குப் போயிட்டு. இதை எறும்பு மொய்ச்சிருச்சு. கொண்டு போங்க தாயி. நாலு ஈ பிடிச்சுத் தின்னதும் கொண்டாந்து வேலியில விட்டுருங்க.”

“நான் பிள்ளையைப் பத்திக் கேட்டேன் சாமி.”

“கேட்டீங்க,” என்றார் சாமி.

அவ்வளவுதான். அவர் எழுந்து கொட்டகைக்குள் போய்விட்டார்.

*

செண்பகத்துக்கு அரைகுறையாக ஒரு காரியம் செய்யத் தெரியாது. ஊறுகாய் ஜாடியைக் கழுவி வெயிலில் காயவைத்தாள். பெரிய கண்ணாடி ஜாடி. உள்ளே பஞ்சு பரப்பினாள். ஒரு மூடியில் சர்க்கரை போட்ட பால் வைத்தாள். இன்னொரு மூடியில் குழைந்த சோறு. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு துண்டு மாம்பழம்.

பிறகு ஜாடிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“தின்னு, ராசா,” என்றாள்.

குஞ்சு தின்னவில்லை. அவள் பார்க்கப் பார்க்க அதன் பச்சை மங்கியது. சாம்பலானது, பிறகு கறுத்தது. ஜாடியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டது.

அவள் அதை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். சூடு இருந்தால் தேவலை என்று தோன்றியது. விரலில் பாலைத் தொட்டு வாயருகே கொண்டு போனாள். அது வாயை இறுக்கிக்கொண்டது.

எதிர்வீட்டுச் சொர்ணம் எட்டிப் பார்த்தாள். “பச்சோந்தியையா வீட்டுக்குள்ள வச்சிருக்க? ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதாதாக்கும்?”

சித்தியாக வந்தவளுக்கு இந்த மாதிரி விளையாட்டுப் பேச்செல்லாம் பழக்கம்தான். செண்பகம் சிரித்து வைத்தாள். உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது.

சொர்ணத்துக்கு மூன்று பிள்ளைகள். சாப்பாட்டு வேளையில் அவள் போடுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். “இன்னும் வேணுமா? வயிறா அது, குளமா? சட்டியைச் சுரண்டிட்டேன், போதும் எந்திரிங்க.” செண்பகம் அடுப்படியில் நின்று அதைக் கேட்பாள். கேட்கும்போதெல்லாம் பொறாமையாக இருக்கும்.

குஞ்சு வந்தது முதல் வடிவு கதவோரமாக நின்றுகொண்டேயிருந்தாள். பள்ளிக்கூடத்துச் சீருடையைக்கூட மாற்றவில்லை. செண்பகம் அதை மறுபடியும் கையில் எடுத்தபோது மெதுவாகச் சொன்னாள்.

“அது பயப்படுது.”

அந்த வாரத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது. செண்பகம் ஆசையாகத் திரும்பி, “என்னம்மா சொன்ன?” என்றாள். வடிவு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கும் தட்டில் பாதிச் சோறு கிடந்தது.

சாயங்காலம் செண்பகம் உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டாள். வடிவைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, பக்கத்தில் ஜாடியையும் வைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்தே சுற்றினாள். சொர்ணத்தின் கண்ணைச் சொன்னாள். தாய்மாமன் கண்ணைச் சொன்னாள். தெருவில் போகிறவன், வருகிறவன், பள்ளிக்கூடத்து ஆயா என்று ஒரு கண்ணையும் விடவில்லை. அடுப்பில் போட்டதும் மிளகாய் நன்றாகவே வெடித்தது. நெடி வரவில்லை. அப்படியானால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாளும் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

*

“சாமி, இது செத்துப்போயிரும் போலிருக்கு.”

சாமி ஜாடியை வாங்கிப் பார்த்தார். பாலைப் பார்த்தார், மாம்பழத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

“கண்ணாடியில தன்னைப் பாத்தே பயந்து கிடக்கு. செடியில விடுங்க. வீட்டுல செடி இருக்கா?”

“புறவாசல்ல செம்பருத்தி இருக்கு.”

“போதும். காலையில இலையில தண்ணி தெளிங்க, துளித் துளியா நிக்கணும். அதைத்தான் குடிக்கும். கறுத்த வாழைப்பழத் தோலை அடியில போடுங்க. பொடி ஈ தானா வரும். காக்காய்க்குப் பயந்தா மேல கொசுவலையைப் போட்டுக்கிடுங்க. அப்புறம் நீங்க தள்ளிப் போயிருங்க.”

“தள்ளிப் போயிட்டா, அது தின்னுச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?”

அவளுக்குக் கோபம் வந்தது. “பெத்தவளுக்குத்தான் பாக்குற உரிமையா? நான் பாக்கக் கூடாதா?”

சாமி ஜாடியைக் கீழே வைத்தார். கொட்டகைக்குள் போய் ஒரு வாழை இலையோடு வந்தார். அவள் முன்னால் விரித்தார். சட்டியிலிருந்து உப்புமா எடுத்து வைத்தார். “சாப்பிடுங்க தாயி. நடந்து வந்திருக்கீங்க.”

அவளுக்கு நிஜமாகவே பசி. ஒரு வாய் எடுத்தாள்.

சாமி இலைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். முழங்காலில் கையை ஊன்றி, முன்னால் சாய்ந்து, அவள் வாயையே பார்த்தார். இமைக்கவில்லை. அவள் மென்றாள். அவர் முகம் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவரும் குனிந்து பார்த்தார்.

வாயில் இருந்த உப்புமா மணலாகிவிட்டது.

“நல்லாருக்கா?” என்றார். “இன்னொரு வாய். எங்க, இன்னொரு வாய்.”

“இப்படிப் பாத்தா எப்படிச் சாமி இறங்கும்?”

சாமி எழுந்தார். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலைப் பெருக்கப் போய்விட்டார்.

அவள் சாப்பிட்டு முடித்து இலையை மடித்தாள். பச்சோந்தியைப் பற்றிக் கேட்டு வந்தவள் பதிலையும் பச்சோந்திக்கே எடுத்துக்கொண்டாள். ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

*

செம்பருத்திச் செடி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு பழைய டின்னில் நின்றது. அதன் மேல் கொசுவலையைக் கவிழ்த்தாள். இலையில் தண்ணீர் தெளித்தாள். அடியில் பழத்தோலை வைத்தாள். குஞ்சைக் கிளையில் விட்டதும் அது காற்றில் ஆடுகிற இலையைப் போல ஆடி ஆடி ஏறி, ஒரு மொட்டுக்குப் பின்னால் மறைந்தது.

பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை. கிணற்றுப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கீரையை ஆய ஆரம்பித்தாள்.

மறுநாளும் அப்படித்தான் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். காலைகளில் இலைமேல் துளிகள் குறைந்திருப்பது போலத் தோன்றும். வெயில் குடித்ததோ குஞ்சு குடித்ததோ, யார் கண்டது?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பள்ளிக்கூடம் இல்லை. வடிவு காலையிலிருந்து செம்பருத்தியை விட்டு நகரவில்லை. மத்தியானம் ஆகியும் உள்ளே வருகிற வழியாக இல்லை. செண்பகம் சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் அங்கேயே தூக்கிக்கொண்டு வந்தாள். தட்டில் சோறு வைத்து, புளிக்குழம்பு ஊற்றி, துவைக்கிற கல்லின்மேல் வைத்தாள்.

வழக்கம்போல எதிரே உட்காரப் போனவள் நின்றாள். எதிரே என்றால் செடிக்கும் எதிரே.

“நான் அந்தப் பக்கம் திரும்பி இருக்கணும்,” என்றாள். “இது நான் பாத்தா தின்னாது.”

“நான் பாக்கலாமா?”

“நீ சின்னப் பிள்ளைதானே. உன்னை அது ஒண்ணும் சொல்லாது.”

செண்பகம் கிணற்றைப் பார்த்து உட்கார்ந்தாள். பானையும் சட்டியும் பக்கத்தில் இருந்தன. கீரைக்கட்டைப் பிரித்தாள்.

பாதிக் கட்டை ஆய்ந்து முடித்தாள். பிறகு முதுகுக்குப் பின்னால் வடிவின் குரல் கிசுகிசுப்பாகக் கேட்டது.

“கண்ணைத் திறந்திருக்கு.”

“ம்.”

“பச்சையாயிட்டு. ரொம்பப் பச்சை.”

“ம்.”

“ஒரு ஈ வந்து உக்காந்திருக்கு. அது பாக்குது. ரெண்டு கண்ணாலயும் பாக்குது.”

செண்பகத்தின் கையில் கீரை அப்படியே நின்றது. ஒரு தடவை திரும்பினால் போதும். ஓரக்கண்ணால் ஒரே ஒரு தடவை.

“திரும்பாதீங்க,” என்றாள் வடிவு. “பிடிச்சிட்டு. நாக்கு இம்புட்டு நீளம். முழுங்குது.”

“முழுங்கிட்டா?”

“முழுங்கிட்டு. இன்னொண்ணைப் பாக்குது.”

செண்பகம் சிரித்தாள். சிரிக்கும்போதே இன்னொரு சத்தம் காதில் விழுந்தது. பழகிய சத்தம்தான், ஆனால் இந்தப் பிள்ளையின் தட்டிலிருந்து இதுவரை கேட்டிராதது. விரல்கள் சோற்றைப் பிசைகிற சத்தம். எவர்சில்வர் தட்டில் நகம் உரசுகிற சத்தம். சின்னத் தொண்டையில் ஒரு வாய் இறங்குகிற சத்தம். அப்புறம் இன்னொரு வாய்.

அவளுக்குப் பாறைக்கு அடியில் விரித்த இலை நினைவுக்கு வந்தது. மணலாகிப்போன உப்புமா நினைவுக்கு வந்தது. உப்பும் மிளகாயும் சுற்றிய அன்றைக்கு, ஊரில் இருந்த கண்ணையெல்லாம் சொல்லி ஒரே ஒரு ஆளின் கண்ணை விட்டுவிட்டதும் நினைவுக்கு வந்தது.

கண்ணில் நீர் முட்டியது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று உடம்பே தவித்தது. அந்த வாயை, கன்னம் உப்பியிருப்பதை, உதட்டோரத்துச் சோற்றுப் பருக்கையை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். அவள் கிணற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழங்கைக்குப் பக்கத்தில் ஏதோ இடித்தது.

தட்டு. வழித்துச் சுத்தமாகியிருந்த தட்டு. அதைப் பிடித்திருந்த ஒரு சின்னக் கை.

“இன்னும் கொஞ்சம் சோறு.”

செண்பகம் திரும்பாமலே கரண்டியை எடுத்தாள். பாதிச் சோறு தட்டில் விழுந்தது, பாதி தரையில் விழுந்தது. தட்டு அங்கேயே காத்திருந்தது.

“குழம்பும்,” என்றாள் வடிவு.