சுண்ணாம்பு இறுகாத சுறா

அந்தக் காலத்தில் எல்லா உயிருக்கும் பேச்சு இருந்தது, எலும்புதான் இல்லை. உடம்புக்குள் இருந்ததெல்லாம் வெறும் குருத்து. காது மடலைப் போல எப்படி மடக்கினாலும் மடங்கும். யானை எழுந்து நின்றால் கால் நான்கும் நாலு பக்கம் போகும். ஆடிக் காற்று அடித்தால் மீன்களெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சு விழுந்து கிடக்கும். சிரிக்காதீர்கள், பட்டவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

இதற்கு ஒரு வழி கண்டது நண்டு. கடற்கரையில் காளவாய் போட்டு, சிப்பிகளைச் சுட்டு, சுண்ணாம்பு எடுத்தது. கடலில் உள்ளவர்களையும் தரையில் உள்ளவர்களையும் கூப்பிட்டு ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தது.

"வாயில அடக்கிக்கிட்டு அப்படியே படுங்க. முதல்ல பல்லு இறுகும். அப்புறம் மெல்ல உடம்புக்குள்ள எறங்கும். அது இறுகுற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. இறுகிட்டா ரத்தம் தானா உள்ள வழி பண்ணிக்கும், ஒடஞ்சாக்கூட ஒட்டிக்கும். அசைஞ்ச இடம் குருத்தாவே நின்னுபோகும். அதுக்குள்ள ரத்தம் போகாது, பிஞ்சா லேசுல ஆறாது."

"ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு வச்சிராதீங்கண்ணே" என்றது பாரை மீன்.

"எல்லாருக்கும் சுண்ணாம்புதான். வெண்ணெய்க்கு நான் எங்க போவேன்? படு."

சுறா மட்டும் தயங்கி நின்றாள். அவளுக்கு ஒரே குட்டி, பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எங்கே போனாலும் அதை வாயில் கவ்விக்கொண்டுதான் போவாள். அப்போது அவள் பல்லும் குருத்துதானே! குட்டிக்கு அந்த வாய்தான் தொட்டில். அதற்குள்ளேயே தூங்கும்.

"அண்ணே, இவனுக்கும் ஒரு பொட்டு குடுங்களேன்."

"பச்சப்புள்ளைக்கு வாய் வெந்துபோகும் தாயி. பாறை இடுக்குல விட்டுட்டு நீ படு."

சுறா படுத்தாள். எல்லாரும் படுத்தார்கள். கடலே மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது.

திடீரென்று நீரோட்டம் திரும்பியது. பாறை இடுக்கில் கிடந்த குட்டியை அப்படியே உருவிக்கொண்டு போனது.

"அம்மா!"

எல்லாருக்கும் கேட்டது. பக்கத்தில் கிடந்த பாரைக்கும் கேட்டது, கரையில் கிடந்த யானைக்கும் கேட்டது. ஒருவராவது அசைய வேண்டுமே! அவரவர் எலும்பு அவரவருக்குப் பெரிதாக இருந்தது. நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

சுறா எழுந்தாள்.

"எந்திரிக்காத தாயி! பல்லு மட்டுந்தான் இறுகியிருக்கு!" என்று நண்டு கத்தியது.

பெற்றவளுக்கு அது எங்கே காதில் விழும்? பாய்ந்து போனாள். வழக்கம் போல வாயைத் திறந்தாள். வழக்கம் போலக் கவ்வினாள்.

நறுக்கென்று ஒரு சத்தம். அதுவரை உலகத்தில் யாரும் கேட்டிராத சத்தம் அது.

"புடிச்சிட்டேன்டா, பயப்படாத" என்றாள். குட்டி பேசவில்லை. சுற்றிலும் தண்ணீர் ஏன் சிவக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. வாயைத் திறந்து பார்த்தாள். குட்டி இரண்டாகக் கிடந்தது.

அவள் அலறிய அலறலில் கரையில் படுத்திருந்த மனிதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதை நிமிர்த்தினான். ரத்த வாடைக்கு மூக்கை விரித்தான். முட்டியை மடக்கி எழப் பார்த்தவன், நண்டு சொன்னது நினைவு வந்ததும் மறுபடியும் படுத்துக்கொண்டான். அசைந்த இடங்களில் குருத்து அப்படியே நின்றுவிட்டது. காதும் மூக்கும் இன்னும் வளைவதும், முட்டிக்குள் எலும்பின் நுனியில் குருத்து இருப்பதும், மண்டையோட்டில் மூக்கு இருந்த இடம் ஓட்டையாகத் தெரிவதும் அதனால்தான்.

சுறா பாறையில் பல்லை மோதி மோதி உதிர்த்தாள். உதிர்ந்த இடத்தில் புதுப் பல் வந்து நின்றது. மறுபடியும் மோதினாள், மறுபடியும் முளைத்தது. நண்டு இன்னோர் உருண்டையை நீட்டியது.

"மிச்ச உடம்பாவது இறுகட்டும் தாயி."

"அத என் கண்ணுல காட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அன்று முதல்தான் சுறாவுக்கு உடம்பெல்லாம் குருத்து, பல் மட்டும் கத்தி. குட்டி ஈன்றதும் அது ஒரு கணம்கூட நிற்பதில்லை. பாசம் இல்லாத பிறவி என்று ஊரே ஏசுகிறது. அதுவோ தன் வாய்க்குப் பயந்து, குட்டியை விட்டுத் தூரமாக ஓடிக்கொண்டிருக்கிறது.