இளவரசர் சாய்த்த கோபுரம்

முன்னொரு காலத்தில், ஒரு நாட்டில் ஓர் அரசர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருடைய வாரிசுகள் சண்டைக்கு வருவார்கள். தவமிருந்து பெற்ற அவருடைய ஒரே மகனுக்கு அப்போதுதான் ஒரு வயது நிறைந்திருந்தது.

பிறந்தநாள் பரிசாகக் கருவூலத் தலைவர் திருமேனியார், அடுக்கி விளையாடத் தங்கக் கிண்ணங்கள் செய்து கொண்டுவந்தார். விளிம்பெல்லாம் மாணிக்கம். அவர் அடுக்கி முடித்ததும் இளவரசர் ஒரு தட்டுத் தட்டினார். எல்லாம் சரிந்தன. கழன்று விழுந்த ஒரு மாணிக்கம் இளவரசரின் வாய்க்குள் போனது. செவிலி விரல் விட்டு எடுப்பதற்குள் அரசிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அரசருக்கோ வேறு கவலை. "நம் குலத்தில் கோபுரம் கட்டியவர் உண்டு, சாய்த்தவர் இல்லை! இவன் சாய்க்காதபடி அடுக்கத் தெரிந்தவர் இந்த அவையில் யாருமே இல்லையா?"

திருமேனியார், அவை விகடனைக் கவிழ்க்கச் சமயம் பார்த்துக் காத்திருந்தவர். "விகடன் குப்பாண்டி இருக்கிறானே, அரசே! அவனுக்குத் தெரியாததா?"

"நல்லது. நாளை அவன் விளையாட்டுச் சாமான் கொண்டுவரட்டும். இனி யார் அடுக்கியதை இளவரசன் சாய்த்தாலும், அடுக்கியவர் அன்றே நாட்டை விட்டுப் போக வேண்டும். இது என் ஆணை!"

குப்பாண்டி யோசித்தபடியே வீட்டுக்கு வந்தான். அவன் மகளுக்கும் அதே வயதுதான். வீட்டில் அவள் மரக்கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று போடுவதும் எடுப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். அவன் அடுக்கிக் காட்டினான். தட்டிவிட்டுக் கைகொட்டினாள். நடை பழகும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது என்று நினைத்துப் பார்த்தான். மறுபடி அடுக்கினான், மறுபடி தட்டினாள். இன்னொரு முறை அடுக்கப் போனவன், தன் கையைத் தானே பார்த்துச் சிரித்துவிட்டான்.

"அடியே, கட்டுச்சோறு கட்டு" என்றான் மனைவியிடம்.

"ஐயையோ! ஊரை விட்டுப் போறோமா?"

"நாம இல்ல. புளி கொஞ்சம் தூக்கலாப் போடு."

மறுநாள் ஒரு கூடையும் கட்டுச்சோற்று மூட்டையுமாக அவைக்கு வந்தான். மூட்டையைப் பார்த்த திருமேனியாருக்கு வாயெல்லாம் பல். குப்பாண்டி மரக்கிண்ணங்களை அடுக்காமல், ஒன்றுக்குள் ஒன்றாகவே இளவரசர் முன் வைத்தான். மிகச் சிறியதுகூட அவர் வாய்க்குள் போகாது. காலில் விழுந்தாலும் வலிக்காது.

இளவரசர் ஒவ்வொன்றாக உருவினார். சிறியதற்குள் பெரியதைத் திணித்துப் பார்த்து, அது போகாததால் அதை முறைத்தார். அரசி சிரித்தாள்.

"அடுக்கு, குப்பாண்டி!" என்று அவசரப்பட்டார் திருமேனியார்.

"அடியேனுக்கு அந்தக் கை ஏது? கோபுரம் கட்டிய குலம் அரசருடையது. ஒருமுறை காட்டியருளினால் பார்த்துக் கற்றுக்கொள்வேன்."

அரசருக்கு உச்சி குளிர்ந்தது. போதாததற்கு இளவரசர் ஒரு கிண்ணத்தை நீட்டி, "ப்பா" என்றார். அவ்வளவுதான். அரசர் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, பெரியதைக் கவிழ்த்து அதன்மேல் அடுத்ததென்று உச்சிவரை அடுக்கினார். இளவரசர் பொறுமையாகக் காத்திருந்து ஒரே தட்டுத் தட்டினார்.

கோபுரம் சரிந்து கிண்ணங்கள் நாலாபுறமும் உருண்டன. குப்பாண்டி மூட்டையை இரு கைகளாலும் அரசரிடம் நீட்டினான். "வழிக்குக் கட்டுச்சோறு, அரசே. இப்போதே புறப்பட்டால் இருட்டுவதற்குள் எல்லையைத் தாண்டிவிடலாம்."

அரசர் மூட்டையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். இளவரசர் அடுத்த கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அரசருக்கு வந்த சிரிப்பில் கண்ணில் நீர் முட்டியது. ஆணையை அந்த இடத்திலேயே ரத்து செய்து, தன் முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டியின் கழுத்தில் போட்டார். கூடவே ஒரு புது ஆணையும் பிறந்தது: இளவரசர் சாய்ப்பதையெல்லாம் இனி திருமேனியார் அடுக்கித் தர வேண்டும்.

கட்டுச்சோற்றைப் பிரித்து எல்லாரும் சாப்பிட்டார்கள். திருமேனியார் மட்டும் முட்டி போட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். இளவரசர் கையை ஓங்கியபடி காத்திருந்தார்.