வரிசைக்குள் அடங்காத படை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தான். எதையும் வரிசையாகப் பார்த்தால்தான் அவனுக்கு மனம் நிறையும். அவன் சபையில் ஆவுடையப்பன் என்றொரு விகடகவி இருந்தான். அவன் பேச்சுக்கு ராஜா சிரிப்பதைக் கண்டாலே தளபதி மழவராயருக்கு வயிறு எரியும்.

விஜயதசமி நெருங்கியது. அன்றைய அணிவகுப்பில் எல்லா வரிசையிலும் ஒரே அளவு வீரர்கள் நிற்க வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை வந்தது. இதுதான் சமயமென்று மழவராயர் எழுந்தார். தமக்குக் கீழே எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வீரர்கள் இருப்பதாகவும், அவர்களை நிறுத்தும் பொறுப்பை அறிவாளியான ஆவுடையப்பனிடமே விடலாம் என்றும் சொன்னார்.

ராஜா உத்தரவிட்டான்: "படையில் உள்ள ஒருவரும் விடுபடக் கூடாது. வெளியார் ஒருவரும் சேரக் கூடாது. ஒற்றை வரிசையாக நீட்டி நிறுத்தவும் கூடாது. தவறினால் நீர் இந்த நாட்டிலேயே இருக்க வேண்டாம்."

இருந்தது மூன்றே நாள். ஆவுடையப்பன் முற்றத்தில் மணலைப் பரப்பி, விரலால் எழுதி வகுக்கத் தொடங்கினான். இரண்டால் வகுத்தால் ஒருவன் மிஞ்சினான். மூன்றால் வகுத்தால் இரண்டு பேர். ஏழால் வகுத்தால் நான்கு பேர். பதினொன்றுக்குப் போனால் மறுபடியும் ஒருவன்.

மனைவி தேனம்மை மூட்டை கட்டத் தொடங்கினாள். அண்ணன் ஊருக்குப் போய்விடலாம் என்றாள்.

"வகுபடாதுன்னு எனக்கே உறுதியாத் தெரியாம நான் எங்கேயும் வரமாட்டேன்" என்றான் அவன்.

மூன்றாம் நாள் மாலை தொண்ணூற்று நான்கு வரை பார்த்து முடித்தான். அதற்கு மேல் தேவையில்லை; தொண்ணூற்றைந்தைத் தொண்ணூற்றைந்தால் பெருக்கினாலே ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிடும். பெரிய எண் ஒன்று வகுத்தால், அதற்கு ஜோடியாக ஒரு சிறிய எண்ணும் வகுத்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் அகப்படவில்லை. மழவராயர் தெரிந்துதான் மாட்டிவிட்டிருக்கிறார் என்பது புரிந்தது. சபையில் அவர் பேசியதை வார்த்தை வார்த்தையாக நினைத்துப் பார்த்தான். பிறகு மூட்டையை அவிழ்க்கச் சொன்னான்.

மறுநாள் திடலில் தொண்ணூறு வரிசைகள், வரிசைக்கு நூறு பேர். கடைசி வரிசையில் மட்டும் ஓர் இடம் காலி. மழவராயர் குதிரைமேல் இருந்தபடியே அதைச் சுட்டிக்காட்டி, ஓர் ஆள் குறைகிறது என்றார். ராஜாவின் முகம் சிவந்தது.

ஆவுடையப்பன் கைகூப்பினான். "மகாராஜா, தளபதி தமக்குக் கீழே உள்ளவர்களை மட்டுமே எண்ணினார். தாங்களோ படையில் உள்ள ஒருவரும் விடுபடக் கூடாது என்றீர்கள். தளபதி படையில் உள்ளவரா, வெளியாரா? அவரே சொல்லட்டும்."

வெளியார் என்றால் பதவி போய்விடும். மழவராயர் குதிரையை விட்டு இறங்கினார். எண்பத்தொன்பது வரிசைகளைத் தாண்டி நடந்து, காலி இடத்தில் போய் நின்றார். பக்கத்து வீரன் சற்றே நகர்ந்து இடம் விட்டான்.

ராஜா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பனுக்குப் போட்டுவிட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டான்.

"காலையிலிருந்து வெயிலில் நிற்கிறார்கள், மகாராஜா. ஒன்பதாயிரம் பேருக்கும் நீர்மோர் கொடுக்கச் சொல்லுங்கள். கடைசி வரிசையிலிருந்து ஆரம்பிக்கட்டும்."